ஸ்மாஷ் அடிக்கிற தோளும் நீல டேப்பும்

குமரி மாவட்டத்தில் களியக்காவிளையிலிருந்து கொல்லங்கோடு வரை சாயங்காலத்தில் ஒரு சுற்று வந்தால் எங்கேயாவது ஒரு செம்மண் கோர்ட்டில் விளக்குப் போட்டு வாலிபால் ஆடிக்கொண்டிருப்பார்கள். ஸ்மாஷ் அடிக்கிற அட்டாக்கர்களில் ஒருவர் தோளிலாவது நீலத்திலோ கறுப்பிலோ ஒரு டேப் இருக்கும். எதற்கு என்று கேட்டால் "வலிக்குண்ணே" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அந்த டேப் என்ன செய்கிறது, என்ன செய்யாது, தோளுக்குள் கெட்டுப்போனது எது, அதைத் திரும்பப் பலப்படுத்துவது எப்படி என்று முதலிலிருந்து பார்க்கலாம். வாலிபாலை வைத்துச் சொன்னாலும் பவுலர், பாட்மின்டன்காரர், ஈட்டி எறிபவர், நீச்சல்காரர் எல்லோருக்கும் கணக்கு ஒன்றுதான்: கை தலைக்கு மேலே போகிற விளையாட்டு.

குழவியும் எலுமிச்சையும்

இடுப்பு மூட்டு ஆட்டுரலில் குழவி உட்கார்ந்திருப்பதைப் போல. குழி ஆழம், குழவி லேசில் வெளியே வராது. தோள் மூட்டு அப்படியில்லை. பாட்டில் மூடியின் மேல் எலுமிச்சம்பழத்தை நிறுத்தி வைத்தது போல. மேற்கை எலும்பின் தலை பெரிது, அது உட்காருகிற குழி சிறிது, ஆழமும் கிடையாது. கை இத்தனை பக்கம் சுழல்வது அதனால்தான். சீக்கிரம் கெட்டுப்போவதும் அதனால்தான்.

எலுமிச்சை உருண்டு போகாமல் பிடித்து வைப்பவை நான்கு சின்னத் தசைகள். மேலே சுப்ராஸ்பைனேட்டஸ், பின்னால் இன்ஃப்ராஸ்பைனேட்டஸ், அதற்குக் கீழே டெரெஸ் மைனர், முன்பக்கம் சப்ஸ்கேப்புலாரிஸ். நான்கும் முதுகில் இருக்கும் முக்கோண எலும்பில் தொடங்கி, கை எலும்பின் தலையைச் சுற்றி ஒட்டுகின்றன. இந்தக் கூட்டத்துக்கு ரொட்டேட்டர் கஃப் என்று பெயர். தசை எலும்பில் போய் ஒட்டும் இடத்தில் கயிறு போல இறுகியிருக்கும் பகுதிதான் தசைநாண். எலும்பை எலும்போடு கட்டுவது தசைநார், அது வேறு. ஊரில் எல்லாவற்றையும் "நரம்பு இழுத்துக்கிச்சு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். இந்த வலியில் நரம்புக்குப் பெரும்பாலும் வேலையே இல்லை.

ஸ்மாஷ் அடிக்கும்போது நெஞ்சுத் தசையும் முதுகின் பெரிய தசையும் சேர்ந்து கையை முன்னால் வீசுகின்றன. பந்தைத் தொட்ட அடுத்த கணம் அந்தக் கையை நிறுத்தியாக வேண்டும். நிறுத்துகிற வேலை பின்பக்கத்துச் சின்னத் தசைகளுக்கு. லாரி எஞ்சினை ஸ்கூட்டர் பிரேக்கால் பிடிப்பது மாதிரி. ஒரு மேட்சில் நாற்பது ஐம்பது தடவை, பயிற்சியில் அதற்கும் மேல்.

தசைநாண் பளுவுக்குப் பழகக்கூடியதுதான், ஆனால் மெதுவாக. தசைக்கு இருக்கும் அளவுக்கு அதற்கு ரத்த ஓட்டம் கிடையாது. கடுமையாக வேலை கொடுத்தால் முதல் ஒன்றரை நாள் உள்ளே கட்டுவதைவிடக் கழிவதுதான் அதிகம். அதன் பிறகுதான் புதிய கொலாஜன் இழைகள் மேலோங்கும். அது முடிவதற்குள் மறுபடி மறுபடி அடித்தால் இழைகளின் ஒழுங்கு குலைகிறது, தசைநாண் தடிக்கிறது, வலிக்கிறது. மழையில் ஒரு மாதம் கோர்ட்டுப் பக்கமே போகாமல் இருந்துவிட்டு, ஓணம் சீசனில் பாறசாலைப் பக்கம் மூன்று ராத்திரி தொடர்ந்து ஆடுகிறவர்தான் இதில் மாட்டுவார். கெடுப்பது ஆட்டம் இல்லை, ஆட்டத்தின் அளவு ஒரேயடியாக ஏறுவது.

இன்னொரு விளக்கமும் காதில் விழுந்திருக்கும்: மேலே இருக்கும் அக்ரோமியன் எலும்பு தசைநாணை உரசித் தேய்க்கிறது என்பது. 1972இல் சார்லஸ் நீர் என்ற அமெரிக்க எலும்பு மருத்துவர் எழுதியது அது. பல பத்தாண்டுகள் அந்த எலும்பைச் செதுக்கி அறுவைச் சிகிச்சை செய்தார்கள். பிரிட்டனில் நடந்து 2018இல் லான்செட் இதழில் வந்த சோதனையில், எலும்பு செதுக்கப்பட்ட நோயாளிகளுக்கும், கருவியை உள்ளே விட்டுச் செதுக்காமலே எடுக்கப்பட்ட நோயாளிகளுக்கும் பலன் ஒன்றாகவே இருந்தது. கிழிசல் இல்லாத சாதாரணத் தசைநாண் வலிக்கு இன்று முதல் மருந்து பயிற்சிதான்.

இதுதானா என்று எப்படித் தெரியும்?

வலி தோளின் வெளிப்பக்கம், சட்டைக் கை தைக்கும் இடத்துக்குக் கீழே இருக்கும். கையைப் பக்கவாட்டில் தூக்கினால் ஏறக்குறைய 60 பாகையிலிருந்து 120 பாகை வரை வலித்து, அதற்கு மேலே குறையும். அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் தூக்கம் கெடும். முதல் செட்டில் சூடேறியதும் மறைந்து, ராத்திரி வீட்டுக்கு வந்த பிறகு திரும்பி வரும். இந்தக் கடைசி அடையாளம்தான் பலரை ஏமாற்றுவது. ஆடும்போது வலிக்கவில்லை என்பதால் மறுநாளும் போய் ஆடுவார்கள்.

சில அடையாளங்கள் இருந்தால் டேப்பையும் பயிற்சி ரப்பர் பேண்டையும் ஓரமாக வைத்துவிட்டு எலும்பு மருத்துவரிடம் போக வேண்டும். விழுந்ததிலோ இழுத்ததிலோ 'டப்'பென்று உணர்ந்து, அன்றிலிருந்து கையைத் தூக்கவே முடியவில்லை என்றால் தசைநாண் முழுதாக அறுந்திருக்கலாம். இதில் வாரக்கணக்கில் காத்திருக்கக் கூடாது. தோளின் உருவம் மாறித் தெரிந்தால் மூட்டு விலகியிருக்கலாம். முழங்கைக்குக் கீழே மரத்துப்போவதும் சுருசுருப்பும் இருந்தால் கழுத்தைப் பார்க்க வேண்டும். காய்ச்சலோடு தோள் வீங்கினாலும் உடனே போக வேண்டும். இடது தோளோடு நெஞ்சும் இறுக்கி வியர்த்தால் அது தோள் விஷயமே இல்லை, நேரே அவசரப் பிரிவுக்கு.

வாலிபால்காரர்கள் கட்டாயம் பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. சட்டையைக் கழற்றச் சொல்லி முதுகுப் பக்கம் நின்று பாருங்கள். அடிக்கிற கைப் பக்கத்தில், முக்கோண எலும்பின் மேட்டுக்குக் கீழே, மற்றப் பக்கத்தைவிடக் குழி விழுந்திருக்கிறதா? இன்ஃப்ராஸ்பைனேட்டஸுக்குப் போகும் நரம்பு அழுந்தினால் அந்தத் தசை வலியே இல்லாமல் வற்றிப்போகும். அட்டாக்கர்களிடம் மறுபடி மறுபடி காணப்படுவது இது. வலி இல்லாததால் யாரும் கவனிப்பதில்லை. சர்வீஸின் வேகம் ஏன் குறைந்தது என்று மட்டும் யோசித்துக்கொண்டிருப்பார்கள். குழி தெரிந்தால் நரம்புப் பரிசோதனை வேண்டும்.

டேப்

கடையில் கிடைப்பது இரண்டு ரகம். துணி மாதிரி இழுபடும் வண்ண டேப் ஒன்று. ஜப்பானியரான கென்சோ காசே 1970களில் உருவாக்கியது, கினீசியோ டேப் என்பார்கள். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் பீச் வாலிபால் வீராங்கனை கெரி வால்ஷ் கறுப்பு டேப் ஒட்டிய தோளோடு ஆடியதை உலகமே பார்த்தது. அதற்குப் பிறகுதான் இது இத்தனை பிரபலம். ரோல் 5 செ.மீ. அகலம், 5 மீட்டர் நீளம். மற்றது இழுபடாத ஜிங்க் ஆக்சைடு டேப். தோளை ஒரு நிலையில் நிறுத்திப் பிடிப்பதற்கு.

முதலில் ஒன்றை உடைத்துச் சொல்லிவிடலாம். டேப் தசைநாணைக் குணப்படுத்தாது. கினீசியோ டேப் பற்றிய சோதனைகளையெல்லாம் சேர்த்துப் பார்த்த 2021ஆம் ஆண்டின் காக்ரேன் தொகுப்பு, ரொட்டேட்டர் கஃப் வலிக்கு அதனால் பலன் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றுதான் முடிகிறது. அப்படியானால் எதற்கு ஒட்டுவது? தோலின் மேல் ஓர் இழுவை இருந்தால் சிலருக்கு வலி கொஞ்சம் அடங்குகிறது, தோள் எங்கே இருக்கிறது என்ற உணர்வு கூடுகிறது. அந்தக் கொஞ்ச நேரத்தில் பயிற்சியை ஒழுங்காகச் செய்ய முடிந்தால் அதுதான் லாபம். ஒட்டிக்கொண்டு முழு மேட்ச் ஆடினால் நஷ்டம். சோதித்துப் பார்ப்பது சுலபம்: ஒட்டுவதற்கு முன் கையைத் தூக்கி வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று மதிப்பெண் போடுங்கள், ஒட்டியபின் மறுபடி போடுங்கள். இரண்டு மதிப்பெண்ணாவது குறையவில்லை என்றால் உங்களுக்கு அது வேலை செய்யவில்லை. காசை மிச்சம் பிடியுங்கள்.

குமரி மாவட்டத்தில் டேப் உரிந்து வருவதற்கு முதல் காரணம் எண்ணெய். தேங்காயெண்ணெய் தேய்த்துக் குளிக்கிற ஊர். தோள் வலித்தால் முறிவெண்ணெயோ தைலமோ தடவாமல் இருப்பவர்கள் குறைவு. எண்ணெய்த் தோலில் எந்தப் பசையும் நிற்காது. ஒட்டுவதற்கு முந்தின நாளிலிருந்தே எண்ணெயை நிறுத்தி, சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, ஸ்பிரிட் பஞ்சால் ஒருமுறை துடைக்க வேண்டும். ரோமம் அடர்த்தி என்றால் கத்தரித்தால் போதும்; சவரம் செய்த உடனே ஒட்டினால் எரியும். முதல்முறை ஒட்டுகிறவர் 5 செ.மீ. துண்டு ஒன்றை முன்கையின் உட்பக்கம் ஒரு நாள் ஒட்டிப் பார்க்கட்டும். சிவந்து அரித்தால் அந்தப் பசை ஆகாது. வேர்க்குரு, சிராய்ப்பு, புண் இருக்கிற இடத்தில் ஒட்டவே கூடாது.

இப்போது வெட்டுவது. இரண்டு துண்டு போதும். முதல் துண்டு தோள் முனையிலிருந்து மேற்கையின் பாதி வரைக்கும் அளந்து சுமார் 25 செ.மீ.; ஒரு முனையில் 5 செ.மீ. விட்டு மீதியை நடுவே கிழித்தால் இரண்டு வால் கிடைக்கும். இரண்டாவது 20 செ.மீ., கிழிக்காமல். எல்லா மூலைகளையும் வட்டமாக வெட்டுங்கள். கூர்மையான மூலை பனியனில் மாட்டி முதலில் கிளம்பும்.

முதல் துண்டின் கிழிக்காத முனையை மேற்கையின் வெளிப்பக்கம், தோளை மூடியிருக்கும் டெல்டாய்டு தசை முடிகிற இடத்தில், இழுக்காமல் வைத்து அழுத்துங்கள். கையைக் கொஞ்சம் பின்னால் கொண்டுபோகச் சொல்லி, முன் வாலை டெல்டாய்டின் முன்விளிம்பு வழியாகத் தோள் முனைக்கு ஏற்றுங்கள். பிறகு கையை மார்புக்குக் குறுக்கே வைக்கச் சொல்லி, பின் வாலைப் பின்விளிம்பு வழியாக ஏற்றுங்கள். இரண்டாவது துண்டுக்கு, கையை இடுப்புக்குப் பின்னால் வைத்து, கழுத்தை எதிர்ப்பக்கம் சாய்க்கச் சொல்லுங்கள். தோளின் வெளி முனையில் தொடங்கி, முக்கோண எலும்பின் மேட்டுக்குச் சற்று மேலாக முதுகின் உட்பக்கம் நோக்கிப் படியவையுங்கள்.

எவ்வளவு இழுப்பது? டேப் காகிதத்தில் ஒட்டி வரும்போதே பத்துப் பதினைந்து சதவீதம் இழுத்துத்தான் ஒட்டியிருப்பார்கள். காகிதத்தை உரித்து அப்படியே படியவைத்தால் அதுவே போதும். முரட்டுத்தனமாக இழுத்து ஒட்டினால் அதிகப் பலன் என்று நினைப்பதுதான் இதில் பெரிய தப்பு. கடைசி 4 செ.மீ. இரண்டு பக்கமும் சுத்தமாக இழுவையே இல்லாமல் முடிய வேண்டும். அங்கே இழுத்தால் தோல் சுருங்கி மறுநாள் கொப்புளம். ஒட்டியபின் உள்ளங்கையால் அரை நிமிடம் தேயுங்கள். பசை சூட்டில்தான் பிடிக்கும். பயிற்சிக்கு ஒரு மணி நேரம் முன்பே ஒட்டிவிட வேண்டும், வியர்த்த தோளில் இடைவேளையில் ஒட்டுவது வீண்.

மூன்று நாளிலிருந்து ஐந்து நாள் வரை இருக்கலாம், குளிக்கலாம், ஒற்றித் துடைக்கலாம். ஜிங்க் ஆக்சைடு டேப் என்றால் கீழே மெல்லிய வெள்ளை ஒட்டுத் துணி போட்டு அதன்மேல் ஒட்டி, ஒரு நாளில் எடுத்துவிட வேண்டும். அதை ஒட்டத் தெரிந்த பிசியோதெரபிஸ்ட்தான் ஒட்டட்டும். அரித்தால் நாள் கணக்குப் பார்க்காமல் உடனே எடுக்க வேண்டும். எடுக்கும்போது மட்டும் தேங்காயெண்ணெய் உங்கள் பக்கம்: டேப்பின் மேல் தாராளமாகத் தடவிப் பத்து நிமிடம் விட்டு, ரோமம் போகிற திசையில், டேப்பைப் பிடுங்காமல் தோலை அழுத்திப் பிரியுங்கள்.

நாட்டு வைத்தியம் பார்க்கும் ஆசானிடம் திருமல், அதாவது எண்ணெய் நீவல், போடலாமா என்ற கேள்வி இந்தப் பக்கத்தில் வராமல் இருக்காது. கழுத்து, முதுகு, நெஞ்சுத் தசைகள் இறுகியிருந்தால் எண்ணெய் போட்டு நீவுவது சுகமாகத்தான் இருக்கும், தடையில்லை. புதுக் காயத்தில் கையைப் பிடித்துச் சுண்டி இழுப்பதும், வலிக்கிற தசைநாணின் மேலேயே விரலால் ஊன்றித் தேய்ப்பதும் வேண்டாம். அழற்சியில் இருப்பது அதனால் இன்னும் கோபப்படும். ஸ்டீராய்டு ஊசியும் அப்படித்தான், சில வாரம் வலியை அடக்கும். திரும்பத் திரும்பப் போட்டால் தசைநாண் பலவீனமாகும். ஊசி போட்ட வாரத்தில் "வலி போச்சு" என்று கோர்ட்டில் இறங்குவது இருக்கிற ஆபத்துகளிலேயே பெரியது.

திரும்பக் கட்டுவது

முழு ஓய்வும் தப்பு. ஆறு வாரம் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு இருந்தால் வலி போகும், தசைநாண் இன்னும் நோஞ்சானாகும், முதல் மேட்சில் திரும்பிவரும். ஸ்மாஷையும் ஜம்ப் சர்வீஸையும் நிறுத்துங்கள். பாஸ் எடுப்பது, கால் பயிற்சி, ஓட்டம் தொடரட்டும்.

எல்லாப் பயிற்சிக்கும் ஒரே அளவுகோல்: செய்யும்போது வலி பத்துக்கு மூன்றைத் தாண்டக் கூடாது, மறுநாள் காலையில் பழைய அளவுக்குத் திரும்பியிருக்க வேண்டும். சுத்தமாக வலியே இல்லாமல் செய்ய வேண்டும் என்று காத்திருந்தால் பளு ஏறாது.

முதல் ஒன்றிரண்டு வாரம் அசையாப் பயிற்சி. சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் நில்லுங்கள், முழங்கை 90 பாகை, முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவே சுருட்டிய துண்டு. புறங்கையால் சுவரை வெளிப்பக்கமாகத் தள்ளுங்கள், முழுப் பலத்தில் பாதியளவு, 30 முதல் 45 நொடி. ஒரு நிமிடம் விட்டு ஐந்து தடவை, காலையும் மாலையும். துண்டு எதற்கு என்றால், அது கீழே விழுந்தால் முழங்கை விலகுகிறது, வேலையை டெல்டாய்டு திருடுகிறது என்று அர்த்தம்.

இரண்டாவது வாரத்திலிருந்து ரப்பர் பேண்ட். அதே நிலை, பேண்டை ஜன்னல் கம்பியில் கட்டி, முன்கையை வெளிப்பக்கம் ஒரு நொடியில் திருப்பி, மூன்று நொடியில் திரும்ப விடுங்கள். திரும்ப விடுவதுதான் பிரேக் பயிற்சி; அதைப் படக்கென்று விட்டால் பாதிப் பயன் போச்சு. 12 முதல் 15 தடவை, மூன்று சுற்று, ஒரு நாள் விட்டு ஒரு நாள். கடைசி இரண்டு மூன்று தடவை திணற வேண்டும், திணறவில்லை என்றால் பேண்டை மாற்றுங்கள். பழைய சைக்கிள் டியூப்பும் ஆகும். வெயிலில் கிடந்து வெடிப்பு விட்டிருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் இழுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள், அறுந்தால் முகத்தில்தான் அடிக்கும்.

கூடவே மூன்று: பேண்டைப் பின்னால் இழுக்கும் ரோயிங்; தண்டால் எடுத்து, கை நீண்ட பின்பும் முதுகை இன்னும் ஒரு அங்குலம் மேலே தள்ளுவது; ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக் கையைத் தூக்குவது. பாட்டில் ஒரு கிலோ, கணக்கு சுலபம். நேர் பக்கவாட்டில் தூக்காமல் 30 பாகை முன்னால் தள்ளி, கட்டைவிரல் மேலே பார்க்கத் தூக்க வேண்டும். கட்டைவிரலைக் கீழே திருப்பித் தூக்கும் பழைய முறை வலிக்கிற தோளை இன்னும் குத்தும்.

தோளின் பின்பக்கம் இறுகியிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். மல்லாந்து படுத்து, கையைப் பக்கவாட்டில் 90 பாகை, முழங்கை 90 பாகை. இன்னொருவர் தோளின் முன்பக்கத்தைத் தரையோடு அமுக்கிப் பிடிக்க, உள்ளங்கையைப் பாதத்தின் பக்கம் சாயவிடுங்கள். மற்றக் கையைவிட 20 பாகை அளவுக்குக் குறைந்து, அதே கை பின்பக்கம் அந்த அளவுக்குக் கூடுதலாகவும் சாயவில்லை என்றால் இறுக்கம் உண்டு. கையை நெஞ்சுக்குக் குறுக்கே இழுத்து 30 நொடி, ஐந்து தடவை, தினமும்.

ஆறாவது வாரத்துக்குப் பிறகு அதே சுழற்சியைத் தோள் உயரத்தில், ஸ்மாஷுக்குக் கை நிற்கிற நிலையில் செய்ய வேண்டும். இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் அதிகம். இடுப்பருகே பலமாக இருப்பது தலைக்கு மேலே பலமாக இருப்பதாகாது. ஒரு கிலோ பந்தைச் சுவரில் எறிந்து பிடிப்பது இந்தக் கட்டத்தில் சேரும். காலையும் மறக்க வேண்டாம். டென்னிஸ் சர்வை அளந்தவர்கள் விசையில் பாதி கால், இடுப்பு, உடம்பிலிருந்து வருவதாகக் கண்டார்கள். முழங்காலை மடக்காமல் குதிப்பவர் அந்தப் பாதியைத் தோளிடம் கேட்கிறார்.

கோர்ட்டுக்குத் திரும்புமுன் பலத்தை அளந்துவிடுங்கள். பெட்டி எடை பார்க்கும் டிஜிட்டல் கைத் தராசு போதும். ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டி, மறுமுனையைத் துணி வளையத்தால் மணிக்கட்டில் மாட்டி, துண்டு வைத்த அதே நிலையில் வெளிப்பக்கம் இழுங்கள்; பிறகு திரும்பி நின்று உள்பக்கம் இழுங்கள். மூன்று தடவையில் அதிகமானதைக் குறியுங்கள். வெளிச்சுழற்சி, உள்சுழற்சியில் முக்கால் பங்காவது இருக்க வேண்டும், நல்ல கையின் அளவில் பத்தில் ஒன்பதுக்குக் குறையக் கூடாது. உள்ளே 16 கிலோ இழுப்பவர் வெளியே 8 கிலோ இழுத்தால் பிரேக் இன்னும் தயாரில்லை.

அளவு சரியென்றால் முதல் வாரம் நின்றபடி தரையில் 20 பந்து, பாதி வேகம், ஒருநாள் விட்டு ஒருநாள். அடுத்த வாரம் 30, முக்கால் வேகம். மூன்றாவது வாரம் நெட்டில் குதித்து 20, நான்காவது வாரம் 40. அதற்குப் பிறகுதான் ஜம்ப் சர்வீஸ், கடைசியாக மேட்ச். மறுநாள் காலை வலி ஏறியிருந்தால் ஒரு படி இறங்கி அங்கேயே ஒரு வாரம் நில்லுங்கள். தொடக்கத்திலிருந்து மொத்தம் மூன்று மாதம் ஆகும், சிலருக்கு நான்கு. சீசனில் ஆடிக்கொண்டிருக்கும்போதும் பேண்ட் பயிற்சி வாரம் இரண்டு நாள் இருக்கட்டும், மேட்ச் இல்லாத நாளாகப் பார்த்து.